பத்தடி ஹாலுக்கு எத்தனை இஞ்ச்?

புது டி.வி. வாங்குவதென்று முடிவானதும் முதலில் எடுக்க வேண்டியது இஞ்ச் டேப். டி.வி. மாட்டப்போகும் சுவரிலிருந்து வீட்டார் வழக்கமாக உட்கார்ந்து பார்க்கும் இடம் வரை எத்தனை அடி என்று அளந்து ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டத்துக் கண்டாச்சிபுரம் பக்கத்து வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு ஹால்தான் அதிகம். அதில் ஒரு கட்டில், ஒரு பீரோ, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போக, கண்ணுக்கும் திரைக்கும் நடுவே எட்டிலிருந்து பத்தடி கிடைக்கும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு விழுப்புரத்துக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறினால், ஷோரூமில் சொல்லப்படுகிற விஷயங்களில் எது நமக்குத் தேவை, எது தேவையில்லை என்று நாமே பிரித்துவிடலாம்.

இதற்குக் காரணம் நம் கண்ணின் அமைப்பு. கண் பரிசோதனையில் 6/6 என்று எழுதித் தருகிறார்களே, அந்தப் பார்வை உள்ளவரால் ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்கு விலகி நிற்கும் இரண்டு கோடுகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும். அதைவிட நெருங்கினால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். டி.வி. படம் முழுக்க புள்ளிகள். 43 இஞ்ச் திரையின் அகலம் சுமார் 95 செ.மீ. ஃபுல் எச்டி என்றால் அந்த அகலத்தில் 1,920 புள்ளிகள், ஆக ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் புள்ளி ஐந்தரை அடிக்கு அப்பால் போனால் கண்ணால் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும். அதே திரை 4கே ஆக இருந்தால் புள்ளி அதில் பாதி. மூன்றடிக்குள் முகத்தைக் கொண்டுபோனால்தான் அந்தக் கூடுதல் நுணுக்கம் தெரியும். 32 இஞ்ச் 'எச்டி ரெடி' திரையில்கூட ஆறடி தாண்டினால் புள்ளி தெரியாது.

கடையில் நாம் இரண்டடி தள்ளி நின்று பார்க்கிறோம். அங்கே 4கே திரையின் கூர்மை உண்மையானது. வீட்டுக்கு வந்து ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்ததும் அந்தக் கூர்மை கண்ணுக்கு எட்டுவதில்லை. கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியவர்கள் கண்ணாடியில்லாமல் பார்த்தால் வித்தியாசம் இன்னும் குறையும்.

அதற்காகப் பெரிய திரை வீண் என்று சொல்ல வரவில்லை. புள்ளி எவ்வளவு சிறியது என்பது ஒன்று, படம் கண்ணை எவ்வளவு நிறைக்கிறது என்பது வேறொன்று. சினிமாவில் ஆழ்ந்துபோகிற உணர்வுக்குத் திரை கண்ணில் சுமார் 30 டிகிரி அகலம் பிடிக்க வேண்டும் என்பது திரைத்துறைப் பொறியாளர்கள் வைத்திருக்கும் அளவு. பத்தடியில் 43 இஞ்ச் பிடிப்பது 18 டிகிரிதான். பெரிய டி.வி. வேண்டும் என்று பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. 32-லிருந்து 43-க்குப் போனால் திரையின் பரப்பு ஏறக்குறைய 1.8 மடங்காகிறது. கையில் இருக்கும் பணத்தைப் பிக்சல் எண்ணிக்கையில் போடுவதைவிட அளவில் போடுவதுதான் என் பார்வையில் சரி. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு, அது வீட்டுக்குள் வரும் ஒயரில் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ளப் பழைய பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் மூலம் வாங்கப்பட்ட 14 இஞ்ச் பெட்டிகள் 2011-ல் ஆட்சி மாறும் வரை ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. விழுப்புரம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் முதல் டி.வி. அந்தப் பெட்டியில் பார்த்துப் பழகியவர்கள் புது டி.வி. மாட்டியதும் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு: "பழசுல நல்லா தெரிஞ்சுது, இதுல முகமெல்லாம் கலங்கலா இருக்கு." கடைக்காரர் நம்ப மாட்டார், ஆனால் அவர்கள் சொல்வது முழு உண்மை.

நம் நாட்டில் சாதாரண எஸ்டி சேனல் 576 வரிகளில் வருகிறது. பழைய பெட்டியின் 14 இஞ்ச் படக்குழாயில் அந்த வரிகள் எல்லாம் 21 செ.மீ. உயரத்துக்குள் நெருங்கி நின்றன. நாலடி தள்ளி உட்கார்ந்தாலே வரி தெரியாது, படம் வழவழவென்று இருக்கும். அதே 576 வரிகளை 43 இஞ்ச் திரையில் 53 செ.மீ. உயரத்துக்கு இழுத்துப் பரப்பினால், வரி மறைவதற்குப் பத்தரை அடி தள்ளிப் போக வேண்டும். நம் ஹாலில் அவ்வளவு இடமில்லை. 32 இஞ்சுக்கு எட்டடி போதும்.

4கே திரையில் இந்தச் சிக்கல் இன்னும் தீவிரம். எஸ்டி படத்தில் மொத்தம் நாலு லட்சத்துச் சொச்சம் புள்ளிகள், 4கே திரையில் ஏறக்குறைய 83 லட்சம். வருகிற ஒரு புள்ளிக்குத் திரை இருபது புள்ளிகளை எரிய வைக்க வேண்டும். ஒன்றுதான் நிஜம், மற்ற பத்தொன்பதும் டி.வி.யின் சிப் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புபவை. விலை உயர்ந்த டி.வி.களில் இந்தச் சிப் கெட்டிக்காரத்தனமாக நிரப்பும். மலிவு டி.வி.யில் முகத்தின் ஓரங்கள் மெழுகு பூசியது போல் ஆகிவிடும், ஓடும் எழுத்துகளைச் சுற்றி நிழலாடும்.

எனவே கேபிள்காரர் கொடுத்த அடிப்படை எஸ்டி பாக்ஸிலோ, மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷிலோ சீரியலும் செய்தியும் பார்க்கிற வீட்டுக்கு 32 இஞ்ச் தாராளம். 43 இஞ்ச் வேண்டுமென்றால் அதோடு எச்டி பாக்ஸும் எச்டி சேனல் கட்டணமும் சேர்ந்தே பட்ஜெட்டில் வர வேண்டும். இணையத்தில் படம் பார்ப்பதாக இருந்தால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எச்டி படத்துக்கு விநாடிக்கு 5 மெகாபிட் வேகம் தடையில்லாமல் வர வேண்டும், 4கே-வுக்கு 15. ஒரு மணி நேர எச்டி படம் 3 ஜிபி வரை தின்னும். தினம் 2 ஜிபி கிடைக்கும் செல்போன் பிளானில் ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இடைவேளைக்குள் டேட்டா தீர்ந்துவிடும். ஃபைபர் இணைப்பு இருக்கும் தெருவா என்று விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். 43 இஞ்சில் இப்போது 4கே மாடல்களே அதிகம் கிடைக்கின்றன. ஃபுல் எச்டி-க்கும் அதற்கும் ஆயிரம், இரண்டாயிரம்தான் வித்தியாசம் என்றால் எடுத்துக்கொள்வதில் தவறில்லை, அதற்கு மேல் கொடுக்க வேண்டாம்.

பழைய குழாய் டி.வி.யைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அதன் பின்பக்கக் கூம்புக் கண்ணாடியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு இருக்கிறது, எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுப்பதற்காகச் சேர்த்தது. உள்ளே காற்றில்லாத வெற்றிடம். செம்புக் கம்பிக்காக அதைக் கல்லால் உடைத்தால் கண்ணாடி உள்நோக்கி வெடித்துச் சிதறும், மிஞ்சிய சில்லுகளில் இருந்து ஈயம் மண்ணுக்குப் போகும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி பழைய பெட்டிகளை முறையாகத் திரும்பப் பெறுவதில் தயாரிப்பாளர்களுக்குப் பொறுப்பு இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் ஐந்நூறு ரூபாய் கொடுத்தாலும், கொடுக்காவிட்டாலும், முழுப் பெட்டியாக ஒப்படைத்துவிடுங்கள்.

இனி பேனல். எல்இடி டி.வி. என்று நாம் சொல்வது உண்மையில் எல்சிடி. படத்தை உண்டாக்குவது திரவப் படிகம், எல்இடி அதன் பின்னால் எரியும் விளக்கு மட்டுமே. 1888-ல் ஃப்ரீட்ரிஷ் ரைனிட்சர் என்ற ஆஸ்திரிய தாவரவியலாளர் கொலஸ்டிராலிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடாக்கியபோது அது இரண்டு முறை உருகுவதைப் பார்த்தார். 145 டிகிரியில் கலங்கலாக உருகியது, 178-ல் தெளிந்தது. கலங்கி நின்ற அந்த நடுநிலைதான் திரவப் படிகம். திரவம் போல ஓடும், படிகம் போல வரிசையாக நிற்கும். மின்சாரம் கொடுத்தால் மூலக்கூறுகள் திரும்பும், வழியே போகும் ஒளியும் அதற்கேற்பக் கூடும், குறையும். ஜன்னலில் பலகைகளைத் திருப்பி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது போன்ற வேலை.

ஓடிக்கொண்டிருக்கும் செல்போன் திரை மேல் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்று சின்னச் சின்னக் கட்டங்கள் தெரியும். தண்ணீர்த் துளி லென்ஸ் வேலை செய்கிறது. டி.வி.யின் ஒவ்வொரு பிக்சலிலும் இந்த மூன்று கட்டங்கள் உண்டு, எல்சிடி திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு திரவப் படிகப் பலகை. வெள்ளை வேண்டுமென்றால் மூன்றும் திறக்கும். கறுப்பு வேண்டுமென்றால் மூன்றும் மூடும். ஆனால் எந்தப் பலகையும் முழுக்க மூடுவதில்லை. பின் விளக்கின் ஒளி கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு கசிகிறது என்பதில்தான் பேனல்கள் வேறுபடுகின்றன. ஐபிஎஸ் வகையில் மிக வெளிச்சமான இடம் மிக இருண்ட இடத்தைவிட ஆயிரம் மடங்கு, சுமாராக அவ்வளவுதான். விஏ வகையில் மூவாயிரம் முதல் ஐயாயிரம் மடங்கு. இதைப் பார்க்க நம் பகுதிக்காரர்களுக்குக் கையருகே ஒரு காட்சி இருக்கிறது: திருவண்ணாமலை மகாதீப நேரலை. மாலை மங்கிய வானம், இருண்ட மலை, உச்சியில் ஒரே ஒரு சுடர். விஏ திரையில் மலை கறுத்து நிற்கும், சுடர் துலங்கும். ஐபிஎஸ் திரையில் மலை சாம்பல் பூத்திருக்கும், வானத்துக்கும் மலைக்கும் கோடு மங்கிவிடும். அந்த மாதிரி ஒரு இருட்டுக் காட்சியைப் பென் டிரைவில் போட்டு எடுத்துப் போங்கள். கடையில் ஓடும் விளம்பரப் படத்தில் பூவும் பழமும் கிளியும்தான் இருக்கும், எல்லா டி.வி.யும் அதில் அழகாகத்தான் இருக்கும்.

ஆனாலும் எல்லா வீட்டுக்கும் விஏ-தான் என்று சொல்லிவிட முடியாது. அது நேரே உட்கார்ந்து பார்க்கிறவருக்கானது. பக்கவாட்டில் போனால் நிறம் வெளிறும். நம் வீடுகளில் தாத்தா கட்டிலில் சாய்ந்திருப்பார், பிள்ளைகள் பாயில் தரையோடு கிடப்பார்கள், அம்மா அடுப்படி நிலைப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். நாலு கோணத்திலிருந்தும் ஒரே படம் வேண்டுமென்றால் ஐபிஎஸ் நல்லது. எந்தப் பேனலானாலும், பீரோ உயரத்துக்கு ஆணி அடித்து மாட்டாதீர்கள். தரையில் உட்காருபவரின் கழுத்துக்கும் கெடுதல், படத்துக்கும் கெடுதல். திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து மூன்று, மூன்றரை அடியில் இருந்தால் கட்டிலுக்கும் பாய்க்கும் நடுத்தரமாக இருக்கும்.

டி.வி.யின் விவரப் பட்டியலில் இந்தப் பேனல் வகை பெரும்பாலும் எழுதியிருக்காது. கடையில் பக்கவாட்டில் நகர்ந்து நின்று பார்ப்பதே வழி. நகர நகர நிறம் மாறினால் விஏ, மாறாவிட்டால் ஐபிஎஸ்.

அட்டைப் பெட்டி மேல் பெரிதாக அச்சடிக்கும் மற்ற இரண்டு சொற்கள் எச்டிஆர்-உம் க்யூஎல்இடி-யும். எச்டிஆர் என்பது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் முறை. அந்தப் படங்களைப் பொதுவாக ஆயிரம் நிட் (திரை வெளிச்சத்தின் அலகு) வெளிச்சத்தை மனத்தில் வைத்துத் தயாரிக்கிறார்கள். இருபத்தைந்தாயிரம் ரூபாய்க்குள் வரும் டி.வி.கள் பெரும்பாலும் 250, 300 நிட்டோடு நின்றுவிடும். அவற்றால் எச்டிஆர் தகவலைப் படிக்க முடியும், காட்ட முடியாது. அந்த முத்திரைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. க்யூஎல்இடி-யில் சரக்கு இருக்கிறது. சில நானோமீட்டர் அளவுள்ள குவாண்டம் புள்ளிகள் நீல ஒளியை வாங்கித் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றித் தருகின்றன. அவற்றைக் கண்டறிந்து உருவாக்கியதற்காக 2023-ல் மூன்று பேருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. நிறம் நிஜமாகவே செழிக்கும். கறுப்பு மட்டும் மாறாது, ஏனென்றால் அதற்குள் இருப்பதும் அதே எல்சிடிதான்.

வெளிச்சம் பற்றிப் பேசும்போது வாசலை மறக்கக் கூடாது. தெருக்கதவுக்கு நேர் எதிரே டி.வி. வைத்தால் பகல் முழுக்கத் திரையில் தெரு தெரியும். 300 நிட் திரை சித்திரை வெயிலோடு போட்டி போட முடியாது. பக்கச் சுவருக்கு மாற்றுவது செலவில்லாத வைத்தியம். வீட்டுக்கு வந்ததும் படத்தின் செட்டிங்கை 'விவிட்'டிலிருந்து 'சினிமா'வுக்கோ 'ஸ்டாண்டர்டு'க்கோ மாற்றுங்கள். ட்யூப் லைட்டுகள் எரியும் கடையில் கண்ணைக் கவர நீலம் தூக்கலாக வைத்திருப்பார்கள், வீட்டில் அது முகங்களைச் சுண்ணாம்பாக்கும்.

ஸ்மார்ட் வசதியில் பார்க்க வேண்டியது மூன்று. ராம் 1 ஜிபி என்றால் ஒரு வருஷத்தில் மெதுவாகிவிடும், 2 ஜிபி-யாவது இருக்கட்டும். கூகுள் டி.வி. போன்ற முறையான அங்கீகாரம் பெற்ற மென்பொருளா என்று கேளுங்கள். மூன்றாவது, ஓடிடி நிறுவனங்களின் பாதுகாப்புச் சான்று. அது இல்லாத டி.வி.யில், நீங்கள் முழுச் சந்தா கட்டினாலும் படம் எஸ்டி தரத்திலேயே வரும். ஒலி விஷயத்தில் எல்லா மெலிந்த டி.வி.யும் ஒன்றுதான்: கீழ்நோக்கிய சின்ன ஸ்பீக்கர்கள். வசனம் கேட்கும், தவில் அதிராது.

விலைக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு 32 இஞ்ச் வரையிலான டி.வி.க்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேலென்றால் 28. இப்போது இரண்டுக்கும் 18. வரிக்கு முந்தைய விலை 20,000 என்றால் முன்பு 25,600 ஆன பெட்டி இப்போது 23,600. 32-லிருந்து 43-க்குத் தாவும் தூரம் அந்த அளவுக்குக் குறைந்திருக்கிறது. கரண்டு செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். 43 இஞ்ச் டி.வி. 80 வாட் என்று வைத்தால், தினம் ஐந்து மணி நேரத்துக்கு இரண்டு மாதத்தில் 24 யூனிட். அரசு தரும் 100 இலவச யூனிட்டில் கால் பங்கு. 32 இஞ்ச் ஏறக்குறைய பாதியில் ஓடும்.

ஆயுள் விஷயம்தான் எனக்கு இதில் முக்கியம், ஏனென்றால் குறைந்த வருமானக் குடும்பம் டி.வி.யை எட்டு, பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் மாற்ற முடியும். மலிவு எல்இடி டி.வி.யில் பெரும்பாலும் முதலில் போவது பின் விளக்கு. சின்ன எல்இடிகளை ஒரு பட்டையில் தொடராக இணைத்திருப்பார்கள். ஒன்று அறுந்தால் வரிசை முழுக்க அணையும், சர்க்யூட் உடனே மற்றதையும் நிறுத்திவிடும். "சவுண்டு வருது, படம் வரல" என்று மெக்கானிக்கிடம் சொல்வது இதைத்தான். இருட்டில் டார்ச்சைத் திரைக்கு ஒட்டிச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் அசைந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பட்டை மாற்றினால் போதும், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் செய்து தருகிறார்கள். பேனலே உடைந்தால் ரிப்பேர் செலவு புது டி.வி. விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பின் விளக்கை 100-லிருந்து 60, 70-க்குக் குறைத்து வைத்தால் எல்இடி வழியே ஓடும் மின்னோட்டம் குறையும், சூடு குறையும், ஆயுள் நீளும். இரவில் கண்ணுக்கும் இதம்.

அடுத்த எதிரி கரண்டு. டி.வி.க்குள் இருக்கும் மின்வழங்கி 100 முதல் 240 வோல்ட் வரை சமாளிக்கும், எனவே குறைந்த வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை. கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால் கதை வேறு. மூன்று ஃபேஸிலும் தொங்கும் வீடுகளுக்கு நடுவே வோல்டேஜ் தாறுமாறாகப் பங்கு பிரிந்து, சில வீட்டில் பல்பு மங்கும், சில வீட்டில் 350-ஐத் தாண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது திண்டிவனத்துக்குப் பக்கத்து மயிலத்தில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது, மாவட்டத்தின் பல பகுதிகளில் கம்பங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட சமயங்களில் கரண்டு திரும்பி வரும் முதல் நிமிடம்தான் ஆபத்தானது. ஸ்பைக் கார்டில் இருக்கும் வேரிஸ்டர் நொடிப்பொழுது எழும்பும் மின்வீச்சை விழுங்கும், நீடித்த உயர் வோல்டேஜில் அதுவே கருகிப்போகும். உயர் வோல்டேஜில் தானாகத் துண்டிக்கும் கட்-ஆஃப் உள்ள டி.வி. ஸ்டெபிலைசர் இரண்டாயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. அந்தப் பணத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிட்டு மிச்சத்துக்கு டி.வி. பாருங்கள்.

இடிக்கு இதுவும் போதாது. ஐப்பசி, கார்த்திகையில் வானம் உறுமத் தொடங்கியதும் எல்லோரும் பிளக்கைப் பிடுங்குகிறார்கள், மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்தோ தெருக் கம்பத்திலிருந்தோ வரும் கேபிளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். தொலைவில் இறங்கும் இடிகூட அந்தக் கம்பியில் மின்வீச்சைத் தூண்டும். அது செட்டாப் பாக்ஸைக் கடந்து எச்டிஎம்ஐ ஒயர் வழியே டி.வி.யின் மதர்போர்டுக்குள் போகும். பிளக்கோடு சேர்த்து, பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் அந்தக் கேபிளையும் கழற்றி ஓரமாகப் போடுங்கள்.